நாவல்பழ வளையம்

1983-ல் நான் வேலைக்குச் சேர்ந்த லேப், அம்பத்தூர் ரயில் நிலையத்திலிருந்து ஓ.டி. போகும் சாலையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. காலை ஏழு மணிக்குள் படியில் சிறுநீர் பாட்டில்கள் வரிசைகட்டி நிற்கும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா அப்போது கிடையாது. கிரைப் வாட்டர் பாட்டில் வந்தால் அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. குவார்ட்டர் பாட்டில் என்றால் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட் முடித்து வீடு திரும்புகிறவர். காகிதத்தைச் சுருட்டி அடைத்திருப்பார்கள். தேன் பாட்டிலைச் சரியாகக் கழுவாமல் கொண்டுவந்து, சர்க்கரையே இல்லாத ஒரு பாட்டிக்குச் சர்க்கரைச் சோதனையில் செங்கல் நிறம் வந்து, வீடே அழுத கதையும் உண்டு. அதற்குப் பிறகு நானே பாட்டில்களைக் கொதிநீரில் அலசிக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தேன்.

சர்க்கரைக்கு பெனடிக்ட் சோதனை. சோதனைக் குழாயில் ஐந்து மில்லி நீலக் கரைசல், அதில் எட்டுச் சொட்டு சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் சிவப்பில் முடிந்தால் சர்க்கரை கொட்டிக் கிடக்கிறது என்று பொருள்.

எனக்குப் பிடித்தது மற்றொரு சோதனை, கொழுப்பு எரியும்போது உடம்பில் உண்டாகிற கீட்டோனுக்கானது. ரோதெரா. ஆர்தர் ரோதெரா என்பவர் 1908-ல் சீர்படுத்திக் கொடுத்தது. சிறுநீரில் அம்மோனியம் சல்பேட்டை இனிமேல் கரையாது என்கிற வரைக்கும் போட்டுக் குலுக்க வேண்டும். நைட்ரோபுருசைடு ஒரு சிட்டிகை. பிறகு அம்மோனியாவைக் குழாயின் ஓரமாக, சுவரைத் தொட்டபடி மெதுவாக இறக்க வேண்டும். கண் எரியும், மூக்கில் நீர் வடியும். பொறுத்திருந்தால், இரண்டு திரவமும் சந்திக்கிற இடத்தில் ஒரு வளையம் எழும். புத்தகத்தில் பெர்மாங்கனேட் நிறம் என்று போட்டிருக்கும். எனக்கு அது நாவல்பழம். பழத்தைத் தின்றுவிட்டு நாக்கை நீட்டினால் தெரியுமே, அந்த நிறம். சர்க்கரை வியாதிக்கு நாவல்கொட்டைப் பொடி தின்னச் சொல்கிற ஊரில், அந்த வியாதி முற்றியதைக் காட்டுகிற வளையமும் நாவல் நிறத்தில் வருவதை முதல்நாள் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

அந்த வளையம் எல்லாருக்கும் வராது. அதிகம் வந்தது மசக்கைக்காரப் பெண்களுக்குத்தான். குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்து, மூன்று நாள் பட்டினியில் துவண்டு வருவார்கள். ஒருமுறை என் அம்மா ஆடி வெள்ளிக்குத் திருவேற்காடு போய்விட்டுப் பகல் முழுக்க விரதம் இருந்தபோது, வாயில் ஒரு புளித்த வாசனை வந்தது. மறுநாள் காலை முதல் சிறுநீரை வாங்கிப் போய்ச் சோதித்தேன். மிக மெல்லிய, இளம் ஊதாக் கீற்று. அம்மாவுக்கு ஒரு நோயும் கிடையாது. சோறு வரவில்லை, உடம்பு சேர்த்து வைத்திருந்த கொழுப்பை எடுத்துச் செலவு செய்தது, அவ்வளவுதான். வளையத்துக்கு நல்லது கெட்டது தெரியாது என்று அன்றே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அதற்கு இன்னும் சில மாதம் பிடித்தது.

1984 ஐப்பசி மழையில் என் தம்பிக்கு வயிற்றுவலி வந்தது. அவனுக்கு பதினொரு வயது. இரண்டு மாதமாகவே இளைத்துக்கொண்டு வந்தான். ராத்திரியில் எழுந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பான். “வளர்ற பையன், அப்படித்தான்” என்றாள் அம்மா. எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் அப்பாவுக்கு ஓவர்டைம். நான் நாளெல்லாம் ஊரார் சிறுநீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்குள் நடந்ததைப் பார்க்கவில்லை. நாற்பத்தோரு வருடம் ஆகியும் இதை எழுதும்போது கை நிற்கிறது.

வாந்தியைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தெருவில் ஒரு டாக்டர் களைப்பு தீர குளுக்கோஸ் ஏற்றினார். சாயங்காலம் நான் வந்தபோது பையன் ஓடிவந்தவனைப்போல ஆழமாக, இடைவிடாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். ரத்தத்தில் அமிலம் ஏறும்போது அதைக் கரியமில வாயுவாக வெளியே தள்ள உடம்பு செய்கிற முயற்சி அது. 1874-ல் குஸ்மால் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்து வைத்தார். எனக்கு அந்தப் பெயர் பாடத்தில் மட்டும் தெரியும். அவன் முகத்தருகே குனிந்தேன். அழுகத் தொடங்கிய பழத்தின் வாசனை. அந்த வாசனை சிலர் மூக்குக்கு எட்டவே எட்டாது. அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை.

லேபைத் திறந்து விளக்கேற்றினேன். பெனடிக்ட்: செங்கல். ரோதெரா: அம்மோனியா இறங்குவதற்குள் கருநாவல். அதுவரை அவ்வளவு கெட்டியான வளையத்தை நான் கண்டதில்லை. குழாயோடு ஓடிவந்து அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு அது என்னவென்று தெரியாது. ஆனால் என் முகம் தெரிந்தது. வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனோம். பாடியிலிருந்து மழைத் தண்ணீரில் கார் ஊர்ந்து போன தூரத்தை நான் இன்னும் கடந்து முடிக்கவில்லை என்றே சில ராத்திரிகளில் தோன்றுகிறது.

இன்சுலின், சலைன், பொட்டாசியம். விடியும்போது மூச்சு தணிந்தது. கண் திறந்து “அக்கா, தண்ணி” என்றான். அவனுடைய சிறுநீரை வாங்கி, அங்கே இருந்த ஒரு டெக்னீஷியனிடம் கெஞ்சிச் சோதித்துப் பார்த்தேன். சர்க்கரை குறைந்திருந்தது. வளையம் குறையவில்லை. முந்தைய ராத்திரியைவிடக் கறுத்திருந்தது போலவும் பட்டது. பையன் தேறுகிறான், குழாய் சாகிறான் என்கிறது. அழுதேன். ராத்திரி முழுக்கத் தூங்காத இளம் டாக்டர் ஒருவர், கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் மூன்று வட்டம் போட்டு எனக்கு விளக்கினார். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கீட்டோன் என்பது ஒன்றல்ல, மூன்று. அசிட்டோஅசிட்டேட், பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட், அசிட்டோன். மூச்சில் பழவாசனை அடிப்பது கடைசியில் சொன்னது. இன்சுலின் அற்றுப்போகும்போது மிக அதிகமாகக் குவிவது நடுவில் இருப்பது. சில சமயம் அசிட்டோஅசிட்டேட்டைப் போலப் பத்து மடங்கு. ரோதெராவின் கண்ணுக்கு அந்தப் பத்து மடங்கு தெரியவே தெரியாது. சிகிச்சை பலித்ததும் அது திரும்ப அசிட்டோஅசிட்டேட்டாக மாறுகிறது. அப்போதுதான் வளையம் கறுக்கிறது. “உடம்பு குணமாகிற நிறம் இது, பயப்படாதம்மா” என்றார். மறுநாள் வளையம் வெளுத்தது, மூன்றாம் நாள் இல்லை. 1922 ஜனவரி 11-ல் டொராண்டோவில் பதினான்கு வயது லியனார்ட் தாம்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டபோது சர்க்கரை கொஞ்சம் இறங்கியும் கீட்டோன் போகவில்லை. காலிப் என்பவர் சுத்திகரித்த மருந்தை 23-ம் தேதி போட்ட பிறகுதான் அது மறைந்தது. மருந்து வேலை செய்கிறது என்று அங்கிருந்த மருத்துவர்களை நம்பவைத்த அந்தச் சிறுநீரைச் சோதித்தவர் யாரோ, அவர் கையை நான் பிடித்துக்கொள்ள விரும்பியிருக்கிறேன்.

அதன் பிறகு எங்கள் வீடே லேப் ஆனது. அம்மா மூன்றாம் வகுப்புவரை படித்தவள். ஒரு வாரத்தில் பெனடிக்ட் சோதனையைக் கற்றுக்கொண்டாள். விடிகாலையில் அடுப்படியில் குழாயைத் தூக்கிப் பிடித்து, “இன்னிக்குப் பச்சைடி” என்பாள். “செங்கல்” என்று சொல்லும் நாளில் குரல் இறங்கிவிடும். கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் கொதிக்க வைப்பது தம்பியின் வேலை. பிரிட்ஜ் இல்லை. மண்பானைத் தண்ணீருக்கு நடுவில் ஒரு டம்ளரை மிதக்கவிட்டு, அதில் மருந்துக் குப்பியை வைத்தோம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறந்துவிடப்பட்டு ஊரே இருண்டு கிடந்தபோது, பரணிலிருந்து அதே மாதிரி ஒரு பானையை அம்மா இறக்கிக் கழுவினாள். எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, எழுபது தாண்டிய அவளுக்குத்தான் தோன்றியது.

லேபில் என்னைக் குழப்பிய இன்னொருவரையும் சொல்ல வேண்டும். திருவள்ளூர் பக்கத்திலிருந்து எஸ்டேட்டுக்கு மூட்டை தூக்க வந்தவர். இருபத்தைந்து வயது இருக்கும். விலா எலும்பை எண்ணலாம். பெனடிக்ட் அடர் செங்கல். தம்பிக்கு வந்ததைவிட மோசம். உடனே ரோதெரா போட்டேன். வளையம் இல்லை. புது அம்மோனியா திறந்து மறுபடி போட்டேன். இல்லை. இத்தனை சர்க்கரையில் கீட்டோன் இல்லாமல் ஒருவர் எப்படி நடந்து வருகிறார்? சின்ன வயதிலிருந்து அரைவயிற்றுக் கஞ்சியில் வளர்ந்தவர்களுக்கு அப்படி ஒரு நீரிழிவு உண்டு என்று பிற்பாடு படித்தேன். சர்க்கரையை அடக்கப் போதாத கொஞ்சம் இன்சுலின் மிச்சம் இருக்கும். கொழுப்பு கட்டவிழாமல் பிடித்து வைக்க அது போதும். கரைக்கக் கொழுப்பும் பெரிதாக இல்லை. 1985-ல் உலக சுகாதார நிறுவனம் ஊட்டக்குறை நீரிழிவு என்று அதற்கு ஒரு தலைப்புக் கொடுத்தது. 1999-ல் எடுத்துவிட்டது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் விடாமல் ஆராய்ந்தார்கள். 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அதை டைப் 5 என்று ஏற்றுக்கொண்டது. செய்தியைப் படித்த அன்று அந்த மூட்டைக்காரர் ஞாபகம் வந்தது. நோட்டில் அவர் பெயருக்கு நேரே ‘கீட்டோன்: இல்லை’ என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன். நாற்பது வருடம் கழித்து அதற்குப் பதில் வந்தது. அவர் இருக்கிறாரா தெரியாது.

இப்போது என் மகனுக்கு வருகிறேன்.

1964-ல் தொடங்கிய எஸ்டேட்டில் தாத்தா லேத் ஓட்டிய தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. முப்பத்து மூன்று வயது, போன வருடம் எடை 104 கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் டாக்டர். மாமா ஊசி போட்டுக்கொள்வதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை, அதனால் பயந்தான். தமிழில் பேலியோ உணவுமுறையைப் பரப்பிய நியாண்டர் செல்வன் எழுதியதைப் படித்தான், நண்பர்களைக் கேட்டான். சோறு நின்றது, இட்லி நின்றது. காலையில் வறுத்த பாதாம், மதியம் முட்டை, ராத்திரி கறியும் காயும். முதல் வாரம் தலைவலி. இரண்டாம் வாரம் கடையிலிருந்து கீட்டோன் பட்டை வாங்கிவந்தான்.

அந்தப் பட்டையை வாங்கிப் பார்த்தேன். நைட்ரோபுருசைடு. என் ரோதெராதான், ஒரு தாள் நுனியில் ஒட்டிக்கொண்டு, கண் எரியாமல், மூக்கில் நீர் வடியாமல். பதினைந்து விநாடியில் நுனி ஊதாவாகியது. “அம்மா, வந்துடுச்சு!” என்று அவன் குதித்தான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்த நிறத்தைக் கண்டு 1984-ல் மழையில் ஓடினேனோ, அந்த நிறத்தை என் பிள்ளை கைப்பேசியில் படம்பிடித்து நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

இரண்டு மாதத்தில் பட்டை வெளுக்க ஆரம்பித்தது. ஒரு வாய் சோறு தொடவில்லை, எடை ஒன்பது கிலோ இறங்கியிருக்கிறது, ஆனால் நிறம் வரவில்லை. “எங்கேயோ தப்பு பண்றேன்” என்று முகம் வாடினான். அன்று அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, செய்தித்தாளில் ஏரி நிலவரம் போடும் கட்டத்தைக் காட்டினேன்.

பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் செம்பரம்பாக்கம் இருக்கிறது. முழு ஆழம் 24 அடி. தினமும் பேப்பரில் மூன்று எண் போடுவான்: நீர்வரத்து, நீர்மட்டம், வெளியேற்றம். மட்டத்தை மட்டும் பார்த்து எவ்வளவு வந்தது, எவ்வளவு ஊருக்குப் போனது என்று சொல்ல முடியுமா? வரத்தும் போக்கும் சமமாக இருந்தால், ஆறே ஓடினாலும் மட்டம் அசையாது. நீ பார்க்கிற பட்டை, கலங்கல் வழியாக வழிகிற தண்ணீர். உடம்பு வேண்டாமென்று ஊற்றியது. முதல் வாரங்களில் கல்லீரல் கொழுப்பைக் கரைத்து கீட்டோனைக் கொட்டும், அதை எப்படிக் கையாள்வது என்று மற்ற உறுப்புகளுக்குப் பழக்கம் இருக்காது, வழிந்து போகும். நாளாக நாளாகச் சிறுநீரகம் அதை வெளியே விடாமல் இழுத்து வைத்துக்கொள்ளும். வழிவது நின்றால் ஏரி வற்றிவிட்டது என்று அர்த்தமா?

“அப்போ ரத்தத்துல பார்க்கணுமா?”

ரத்தத்தில் தெரிவது மட்டம். அதில் பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட்டையே நேரே அளக்கலாம், ரோதெராவுக்குத் தெரியாமல் போனதை. ஆனாலும் அது மட்டம்தான். உடம்பு எவ்வளவு எரித்தது என்று அறிய வேண்டுமானால் மதகின் இரண்டு பக்கமும் நின்று அளக்க வேண்டும். ஒருமுறை அளந்திருக்கிறார்கள். 1967-ல் பாஸ்டனில் ஆலிவர் ஓவனும் ஜார்ஜ் கேஹிலும், ஐந்தாறு வாரம் உண்ணாமல் இருந்த மூன்று பேரின் மூளைக்குப் போகும் ரத்தத்தையும் மூளையிலிருந்து திரும்பும் ரத்தத்தையும் எடுத்து ஒப்பிட்டார்கள். குளுக்கோஸ் இல்லாமல் மூளை இயங்காது என்று எல்லாரும் நம்பியிருந்த காலம். போன ரத்தத்தில் இருந்த கீட்டோன் திரும்பிய ரத்தத்தில் குறைந்திருந்தது. மூளை தன் தேவையில் பெரும்பகுதியை அதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. அத்தனை நாள் பட்டினியில் கல்லீரல் ஒரு நாளைக்குச் சுமார் 150 கிராம் கீட்டோன் செய்கிறது. செய்த கல்லீரலுக்கு அதில் ஒரு துளியும் உதவாது. அதை எரிக்கிற நொதி அதனிடம் இல்லை. வீட்டுக்கெல்லாம் ஆக்கிப்போட்டுவிட்டு ஆடி வெள்ளியில் பட்டினி கிடந்த அம்மாவை நினைத்துக்கொண்டேன். மகனிடம் சொல்லவில்லை.

அவன் ரத்தமானி வாங்கினான். பட்டை ஒவ்வொன்றும் விலை அதிகம். தினமும் காலையில் ஒன்று. 0.9, 1.2, ஒருநாள் 1.8 மில்லிமோல். “அம்மா, ஒன்று புள்ளி எட்டு!” அவன் கணையம் நன்றாகவே இருக்கிறது. கீட்டோன் ஏறினால் ஒரு சொட்டு இன்சுலின் சுரந்து கொழுப்புக் கரைவதை அடக்கிவிடும். மதகுக்காரர் விழித்திருக்கிற ஏரி. என் தம்பி ஏரிக்கு மதகுக்காரர் கிடையாது. வெளியிலிருந்து ஊசியில் வந்து போகிறார். அவனுக்கு 0.6-ஐத் தாண்டினால் கவனம், 1.5-ஐத் தாண்டினால் டாக்டர், 3-ஐத் தாண்டினால் உடனே மருத்துவமனை.

சாயங்காலம் பூங்காவில் என்னோடு நடக்கிற ஒருவர், என் மகனைப் பார்த்துத் தானும் சோற்றை விட்டதாகச் சந்தோஷமாகச் சொன்னார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். டாபாகிளிஃப்ளோசின். சர்க்கரையைச் சிறுநீரில் கொட்டவைக்கிற மாத்திரை, இங்கே 2020-க்குப் பிறகு விலை இறங்கிப் பலரும் சாப்பிடுகிறார்கள். நல்ல மருந்து. ஆனால் அதோடு சோற்றையும் அறவே விட்டால், ரத்தச் சர்க்கரை 180 என்று சாதாரணமாகக் காட்டும்போதே கீட்டோன் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். சர்க்கரையை மட்டும் பார்க்கிறவருக்குத் தெரியாது. மறுநாளே டாக்டரைப் பார்க்கவைத்தேன். வாசகர்களில் யாராவது அப்படி இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே கேளுங்கள்.

போன ஆடியில் தம்பி எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது காய்ச்சல் வந்தது. ஐம்பத்திரண்டு வயது. ராத்திரி பதினொரு மணிக்கு இரண்டு முறை வாந்தி. சாப்பிடவில்லை என்பதற்காக ஊசியையும் விட்டிருந்தான். நாற்பத்தோரு வருட அனுபவம் உள்ளவனும் களைப்பில் செய்கிற தப்பு அது. காய்ச்சலில்தான் இன்சுலின் இன்னும் வேண்டும். சர்க்கரை 286. குனிந்து முகர்ந்தேன். அறுபத்திரண்டு வயதில் என் மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை.

மகன் தன் ரத்தமானியை எடுத்துவந்தான். மாமாவின் விரலைப் பிடித்துக் குத்த இடம் தேடினான். நுனிகள் காய்த்துப்போய், உப்புத்தாள்போல இருந்தன. அவன் அதற்கு முன்னால் அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். பெருவிரல் தொடங்கி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். மோதிரவிரல் ஓரத்தில் குத்தினான்.

ஒன்று புள்ளி எட்டு.

என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. போனில் டாக்டரைப் பிடித்தோம். அவர் சொன்ன அளவு ஊசி, மணிக்கு ஒருமுறை தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல், இரண்டு மணிக்கு ஒருமுறை சோதனை, ஏறினால் தாமதிக்காமல் கிளம்ப வேண்டும். கார் சாவியை மகன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டான். ஒரு மணிக்கு 1.9. மூவரும் பேசவில்லை. மூன்று மணிக்கு 1.1. ஐந்து மணிக்கு 0.5. “அக்கா, டீ போடேன்” என்றான் தம்பி. அடுப்பைப் பற்றவைக்கும்போதுதான் என் கை நடுங்கியது.

காலையில் மகன் வழக்கம்போலத் தன் விரலைக் குத்த டப்பாவைத் திறந்தான். உள்ளே ஒரே ஒரு பட்டை இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினான். பிரிட்ஜ் கதவில் இன்சுலின் இருக்கும் தட்டுக்கு மேல் ரத்தமானியையும் டப்பாவையும் வைத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் ‘மாமாவுக்கு’ என்று எழுதி ஒட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.